மிச்சம்தான் சத்தத்துக்கு

கிள்ளானில் அந்தக் கடைத் தெருவில் எல்லாரும் எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். டயர் கடைக்காரர் பாஸ், டீக்கடையில் தே கலக்குகிறவர் பாஸ், பார்க்கிங் கிடைக்காமல் முழிக்கிற நானும் பாஸ். கார் ஸ்பீக்கர் கடைக்காரர் ஒருவர் மட்டும் பேஸ். பாட்டுக்கு அடியிலிருந்து வந்து நெஞ்சில் குத்துமே, பேஸ் என்று ஒரு சத்தம், அதற்கென்று தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கர் உண்டு. சப்வூஃபர் என்பார்கள். அதைக் கார்களில் பொருத்திக் கொடுப்பதுதான் அவர் தொழில். முதலில் யார் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. "பேஸ் இருக்காரா?" என்று கேட்டால் எதிர்க்கடைச் சீனக் கிழவர்கூடக் கையை நீட்டிக் காட்டுவார்.

இவரைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதி முடிப்பதற்குள் தாங்களும் கொஞ்சம் நல்லவர்களாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கே அது நடக்காது.

கட்டையான உருவம். ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், இடுப்பில் அளவு டேப். அந்த டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. வெள்ளிக்கிழமை வேட்டி கட்டிக் கோவிலுக்குப் போகும்போதும் வேட்டி மடிப்பில் அது தொங்கும். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் மேசையை அளப்பார். ஒருமுறை கல்யாண மண்டபத்தில் மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே அளந்துகொண்டிருந்தார் என்றும், பெண் வீட்டார் ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள் என்றும் டயர் கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வண்டிக்காரர்கள். பெரிய வண்டி என்றால் யார் வேண்டுமானாலும் பெட்டி வைத்துக் கொடுக்கலாம். எங்கள் வண்டிகளிலோ பூட் என்கிற பின்பக்க டிக்கியைத் திறந்தால் இரண்டு பை வைக்கிற அளவுதான் இருக்கும். அதற்குள் ஸ்பீக்கரை எங்கே நுழைப்பது? சிலருக்கு சீட்டுக்கு அடியில் தட்டையாக ஒன்றை வைப்பார். சிலருக்கு ஸ்பேர் டயர் குழிக்குள், டயரை எடுக்காமலே, நடுவில் வளையம் போல ஒன்று செய்து வைப்பார். பக்கச் சுவரின் வளைவுக்கு ஏற்ப ஃபைபரில் பெட்டி வார்ப்பதும் உண்டு. கோணல் மாணலாக இருக்கும் அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு காற்று பிடிக்கும் என்று பார்க்க, பச்சைப் பயற்றைக் கொட்டி நிரப்பி, பிறகு பால் டின்னால் அளந்து அளந்து வெளியே எடுப்பார். வருஷக் கணக்காக அதே பயறுதான். "அண்ணே, சுண்டல் எப்போ?" என்று கேட்காத ஆளே இல்லை.

ஆனால் பேஸ் என்றால் ஊருக்கு ஞாபகம் வருவது இதெல்லாம் இல்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. என்ன ஸ்பீக்கர் வேண்டும் என்று அவர் கேட்கவே மாட்டார். நான் முதல் தடவை போன் செய்தபோது நடந்தது இது.

"அண்ணே, பன்னெண்டு இன்ச் ஒண்ணு போடணும். எவ்ளோ நேரம் ஆகும்?"

"அது இருக்கட்டும் தங்கச்சி. பூட்ல என்ன வச்சிருக்கீங்க?"

"சாமான்தான்."

"என்ன சாமான்?"

"சாமான்லா அண்ணே. எல்லாரும் வைக்கிறதுதான்."

"எல்லாரும் வைக்கிறத எல்லாரும் கொண்டு வரட்டும். நீங்க வைக்கிறத நீங்க கொண்டு வாங்க."

இதுதான் அவர் முறை. வண்டியில் வழக்கமாக ஏறுகிற எல்லாவற்றையும் கொண்டு போக வேண்டும். கடைக்கு முன்னால் இருக்கும் காக்கி லீமாவில், அந்தக் கூரை போட்ட நடைபாதையில், அவர் அதையெல்லாம் இறக்கிப் பரப்புவார். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, நீளம் அகலம் எழுதி, திரும்ப வண்டிக்குள் அடுக்கிப் பார்ப்பார். அடுக்கிய பிறகு எங்கே இடம் மிஞ்சுகிறதோ அங்கேதான் ஸ்பீக்கர். யாராவது முணுமுணுத்தால் ஒரே பதில்தான்: "வண்டியில மொத இடம் ஆளுக்கு. ரெண்டாவது சாமானுக்கு. மிச்சம்தான் சத்தத்துக்கு."

மீன் பிடிக்கப் போகிற ஒரு சீன அங்கிளின் ஐஸ் பெட்டியை அப்படித்தான் அளந்தார். கடை முழுக்க ஒரு நாள் பூராவும் இறால் நாற்றம். இன்னொருவர், "அண்ணே, என் வண்டியில ஒண்ணுமே கிடையாது" என்று மார்தட்டிக்கொண்டு வந்தார். "அப்படியா? வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்களக் கேப்போம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் மனைவி வந்து, பிள்ளை படுக்கும் தொட்டில், பாசாருக்குக் காய்கறி வாங்கக் கொண்டு போகும் இரண்டு கூடை, மாமனாரின் ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் வரிசையாக இறக்கி வைத்தாராம். இந்தக் கதையை அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அப்போது என் வீட்டு ஷூ அலமாரிக்குப் பின்னால் என் அம்மாவின் சக்கர நாற்காலி இருந்தது. அன்று காலையில்தான் வண்டியிலிருந்து இறக்கி அங்கே தள்ளி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆமாம். சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. சாலாக் செலாத்தானில் கீழ் மாடி வீடு எங்களுடையது. அம்மாவும் நானும் மட்டும். அந்த நாற்காலி பழைய மாடல், இரும்பு, நல்ல கனம்; வீட்டுக்குள் அம்மா வாக்கரைப் பிடித்து நகர்வார், நாற்காலி வெளியே போக மட்டும், வண்டியிலேயே கிடக்கும். சுபாங் ஜெயாவில் வேலை முடித்து, ஜாமில் நகர்ந்து நகர்ந்து வீட்டுக்கு வந்து, நாற்காலியில் அம்மாவைக் கொண்டு வந்து முன் சீட்டில் ஏற்றி, நாற்காலியை மடக்கித் தூக்கிப் பின்னால் வைத்து, பிரிக்பீல்ட்ஸ் போய், பார்க்கிங்குக்கு மூன்று சுற்று சுற்றி, நாற்காலியை இறக்கி விரித்து, அம்மாவை இறக்கி, கோவில். திரும்பி வரும்போது இதையே மறுபடியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதுதான். அம்மாவுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வெளி உலகம். கோவில் வாசலில் பூக்காரியோடு அரை மணி நேரம் பேசினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

எனக்கு முதுகு போய்விட்டது என்று சொல்லி நியாயம் தேடலாம். முதுகு போனது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. வேலைக்குப் போய் வரும் மூன்று மணி நேரம்தான் எனக்கென்று இருந்த நேரம், அந்த வண்டிதான் எனக்கென்று இருந்த அறை. அதிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த நாற்காலி பின்னால் கடகடவென்று ஆடும். பாட்டை எவ்வளவு கூட்டினாலும் அது கேட்கும். அந்த நாற்காலி இல்லாத ஒரு வண்டி எனக்கு வேண்டியிருந்தது. அதை வெளியே வை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்துவிட்டால், நாற்காலி தானாக வெளியே போய்விடும் இல்லையா?

அன்று நான் கொண்டு போனது குடை, இரண்டு துணிப்பை, டயருக்குக் காற்றடிக்கிற பம்ப், ஒரு ஜோடி செருப்பு. அவர் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அண்ணே."

"வீட்ல யார் யாரு?"

"அம்மா மட்டும்."

"அம்மா வண்டியில வருவாங்களா?"

"எங்கண்ணே? அவங்க வீட்டோடதான்."

அவர் குனிந்து பூட்டுக்குள் தலையை விட்டார். உள்ளே கம்பளத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தன. விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"டயர் கறை மாதிரி இருக்கே?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளையோட சைக்கிள். ஒரு தடவை ஏத்தினேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு வாய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். அவர் ஒரு நிமிஷம் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிலா, நீங்க சொன்னா சரி" என்று டேப்பை இழுத்தார். சீட்டுக்கடியில் தட்டையாக வைத்தால் போதும் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் பெரியதுதான் வேண்டும் என்று நின்றேன். பன்னிரண்டு இன்ச் பெட்டி, பின்பக்கச் சுவரிலிருந்து சீட்டு முதுகு வரை. பொருத்தி முடித்து வயரை ஒரு தரம் இப்படியும் ஒரு தரம் மாற்றியும் கொடுத்துக் கேட்டுவிட்டு, என்னை உட்கார வைத்து, உருமி மேளப் பாட்டு ஒன்றைப் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அம்மா பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். நாற்காலி பூட்டில் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்போதுதான் தெரிந்தது போல, "அடடா" என்றேன். பின் கதவு வழியாக சீட்டில் திணித்துப் பார்த்தேன். கால் வைக்கிற கம்பி மாட்டி சீட்டுத் துணி நீளத்துக்குக் கிழிந்தது. அம்மா முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் பாப்பா. எனக்கும் இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கு. அடுத்த வாரம் போலாம்."

அடுத்த வாரமும் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மூன்றாவது வாரம் நான், "போலாமாம்மா?" என்று கேட்டேன். வேண்டாம் என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற குரல் ஒன்று உண்டு. அந்தக் குரலில் கேட்டேன். அதற்கப்புறம் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் வாடகைக் கார். நான்கு மாதம் அம்மா கோவிலுக்குப் போகவில்லை.

பிறகு கிள்ளானில் சித்தப்பா வீட்டுப் புதுமனைப் புகுவிழா வந்தது. அதற்கு மட்டும் நாற்காலி இல்லாமலே அம்மாவைக் கூட்டிப் போனேன். சித்தப்பா மகன், என் தம்பி முறை, உருமி மேளக் குழு வைத்திருப்பவன், அவனும் நானுமாக இரண்டு பக்கமும் தாங்கி உள்ளே கொண்டு போய் உட்கார வைத்தோம். திரும்பும்போது வண்டியின் பின்னால் நம்பர் பிளேட் ஆடி ஒரே சலசலப்பு. பேஸின் கடை பக்கத்தில்தான். அஞ்சு நிமிஷ வேலை, அம்மா வண்டியிலேயே இருக்கட்டும் என்று திருப்பினேன். இன்றுவரை என் புத்தியை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அவர் வெளியே வந்தார். அம்மாவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"வணக்கம்மா. வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க, ஃபேன் இருக்கு."

"எறங்க முடியாதுப்பா. காலு ஒண்ணு இல்ல. நாற்காலி வீட்ல கெடக்கு. இப்ப வண்டியில ஏற மாட்டேங்குது."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் போய் பூட்டைத் திறந்து, தான் செய்த பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அம்மாவின் ஜன்னலுக்கு வந்தார்.

"அம்மா, அது என் தப்புங்கம்மா. உள்ள டயர் கறைய கண்ணால பாத்தேன். சரியா கேக்காம விட்டுட்டேன்."

அம்மா இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்தியவர். ஏச ஆரம்பித்தால் தெருவுக்கே கேட்கும்.

"ஏம்ப்பா, கண்ணு இருக்குல்ல? வாயி இருக்குல்ல? வீட்ல ஒரு நொண்டிக் கெழவி இருக்காளே, அவ எதுல ஏறிப் போவான்னு ஒரு நிமிஷம் யோசிக்க வேணாம்? உனக்குன்னு ஒரு அம்மா இருந்தா இப்படிச் செய்வியா? நாலு மாசமா நான் கோவில் வாசல மிதிக்கல. பாட்டு கேக்கணும்னா கேளு, யாரு வேணாம்னா? என்கிட்ட சொல்லிட்டுச் செய்ய வேண்டியதுதானே?"

"தப்புதாம்மா."

"தப்புன்னு சொன்னா ஆச்சா?"

"இல்லம்மா. சரி பண்ணிக் குடுக்கறேன்."

கடையில் இரண்டு பேர் ஸ்பீக்கர் வாங்க வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்பார்களே, அந்த நிலைமை. 'அம்மா, அவர் கேட்டார், நான்தான் பொய் சொன்னேன்' என்று ஒரு வாக்கியம். சொல்லவில்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் அவர் பஞ்சுத் துணி ஒட்டினார், சலசலப்பு நின்றது, நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

மறு சனிக்கிழமை நாற்காலியை முன் சீட்டில் போட்டுக் கொண்டு போனேன். ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. நாற்காலியை விரித்தும் மடக்கியும் அளந்தார். பெரிய பெட்டியைக் கழற்றிவிட்டு, இடது பக்கச் சுவரின் வளைவுக்குள் அடங்குகிற மாதிரி ஃபைபர் பெட்டி வார்த்தார். பயறு கொட்டினார், பால் டின்னால் அளந்தார். எட்டு இன்ச் ஸ்பீக்கர். வேலை நடந்த நாட்களில், ராத்திரி ஆஸ்பத்திரி அவசரம் என்றால் அம்மா நாற்காலி இல்லாமல் இருக்கக் கூடாது என்று தினமும் சாயங்காலம் தன் வேனில் சாலாக் செலாத்தானுக்குக் கொண்டு வந்து கொடுத்து, மறுநாள் காலையில் வந்து எடுத்துப் போனார். கிள்ளானிலிருந்து சாலாக் செலாத்தான் எவ்வளவு தூரம், காலையில் என்ன ஜாம் என்று இங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டுத் தே போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் வேலையில் இருந்தேன்.

கடைசி நாள் வண்டியை எடுக்கப் போனபோது பூட்டின் விளிம்பில் ஒரு மடக்குப் பலகை இருந்தது. அதை இழுத்தால் தரைக்குச் சரிவாக இறங்கும். அதன் மேல் இரண்டு வரிசை உருளை.

"நீங்க தூக்கும்போது இடுப்ப ஒரு பக்கமா சாய்க்கிறீங்க. பாத்தேன். இனிமே தூக்க வேணாம். சாய்ச்சு வச்சுத் தள்ளுங்க, தானா ஏறும்."

தள்ளினேன். ஏறியது. ஆடாமல் இருக்க ஒரு வார்ப்பட்டையும் போட்டிருந்தார். கடகட சத்தமும் இல்லை. பட்டையை இழுத்துப் பார்த்தேன்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா மொதல்லயே செஞ்சிருப்பேன்லா தங்கச்சி" என்றார். என் முகத்துக்கு நேராக அவர் சொன்னது இது ஒன்றுதான்.

இதோடு முடிந்திருந்தால் இது வெட்கப்படுகிற கதையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இதற்கு மேல் நான் செய்ததைத்தான் எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை.

தம்பி ஒரு நாள் வண்டியில் ஏறினான். "என்னக்கா, முன்ன இருந்த அடி இல்லையே? பெருசு எங்க?" என்றான். உண்மையிலேயே அடி குறைவுதான். பன்னிரண்டுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். எனக்கும் அந்தக் குறை உள்ளுக்குள் இருந்தது. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, "அதுவா, அவரு அளவு தப்பா எடுத்துட்டாருலா. நாற்காலி ஏறல. அப்புறம் மாத்திக் குடுத்தாரு" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அம்மா பக்கத்தில் இல்லை. அந்தப் பொய்க்கு ஒரு அவசியமும் இருக்கவில்லை.

தம்பியின் உருமிக் குழுவுக்கு ஒரு வேன் உண்டு. மேளம், ஆள், ஸ்பீக்கர் எல்லாம் அதில்தான். அதற்கு முழு சவுண்ட் வேலையும் பேஸிடம் கொடுப்பதாகப் பேச்சு. அவன் அன்றைக்கே தன் உருமிக் குழு வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டான்: "டே, பேஸ்கிட்ட போவாதீங்கடா. அவரு இப்பல்லாம் அளவு சரியா எடுக்கறதில்ல. எங்க அக்கா வண்டிய கெடுத்துட்டாரு." அந்தக் குரூப்பில் கிள்ளானிலிருந்து ரவாங் வரை இருக்கிற குழுக்காரர்கள், மேளத்துக்குக் கூப்பிடும் கோவில் ஆட்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். நானும் இருந்தேன். கேட்டேன். 'கெடுத்துட்டாரு' என்று நான் சொல்லவில்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஃபியூஸ் போய்விட்டது என்று கடைக்குப் போயிருந்தேன். இரண்டு இளவட்டங்கள் வண்டி காட்ட வந்திருந்தார்கள். ஒருவன் அவர் இடுப்பு டேப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அண்ணே, எங்களுக்காச்சும் அளவு சரியா எடுப்பீங்கல்ல?" என்றான். மற்றவன் கொல்லென்று சிரித்தான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு அவர்களைப் பார்த்து, "எடுக்கறேன்லா. சாமான இறக்குங்க" என்றார். நான் ஃபியூஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அந்தக் கதை என் வாயில் வந்துகொண்டுதான் இருந்தது. வண்டியில் ஏறும் ஆட்கள் பலகையைப் பார்த்து இது என்ன என்பார்கள். நான் அளவு தப்பான கதையைச் சொல்வேன். சொல்லச் சொல்ல அதற்குக் கை கால் முளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அலுவலகத் தோழிக்குச் சொன்னேன். அவள் போனதும் அம்மா கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. அன்னைக்குக் காலையில நாற்காலிய ஷூ அலமாரிக்குப் பின்னாடி தள்ளி வச்சது யாரு?"

நான் தோழி குடித்த தே கோப்பையை எடுக்கக் குனிந்தேன்.

"எனக்குக் காலுதான் இல்ல. கண்ணு இருக்கு. நாலு மாசமும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைய நான் ஏசினேன்ல, யாரை ஏசினேன்னு நெனச்ச? கடையில ஆளுங்க நிக்கிறாங்க. உன் பக்கம் திரும்பி ஏசினா உனக்கு அசிங்கம். அதான் அவன் பக்கம் திரும்பி ஏசினேன். ஜாடையா பேசறது என்னன்னுகூடவா தெரியல உனக்கு? அவனுக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு. பேசாம தலையக் குனிஞ்சு வாங்கிக்கிட்டான். வீட்டுக்கு வந்தப்ப அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். 'தங்கச்சிதானம்மா, விடுங்க'ன்னான்."

அம்மாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து உன் மானத்தக் காப்பாத்தினோம். நீ என்னடான்னா அத நெஜம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிற. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நல்லா இருக்குடி."

உனக்குன்னு ஒரு அம்மா இருந்தா இப்படிச் செய்வியா. அந்தக் கேள்வியை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவரைக் கேட்பதாகவே நினைத்துக்கொண்டு கேட்டேன். சின்ன வயதிலிருந்து சித்தியை ஏசி அத்தைக்குச் சொல்கிற, பூனையை ஏசி அப்பாவுக்குச் சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஜாடை புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள வசதிப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"அண்ணே, நீங்க அளவு தப்பா எடுக்கல. நான்தான் நாற்காலிய மறைச்சிட்டு வந்தேன். பொய் சொன்னேன். வெளியிலயும் பொய் சொல்லிட்டேன்."

அழுதும் விட்டேன். மூன்று பேரும் யாருடைய குடும்பச் சண்டையோ என்று நகர்ந்து நின்றார்கள். அவர்கள் யாரும் அந்தக் கதையைக் கேள்விப்பட்டவர்களே இல்லை. அவர் ஒரு கதவுக்குள் வயர் விட்டுக்கொண்டிருந்தார். விட்டு முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அது எனக்குத் தெரியுமே தங்கச்சி. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சொன்ன எடத்துல போய் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை இன்ச் என்று அளவு சொல்கிற குரலில்தான் சொன்னார். தே குடிக்கிறீர்களா என்றும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அட போக்கா, வேன் வேலையெல்லாம் வேற எடத்துல முடிஞ்சிருச்சு. இப்ப போய் அதச் சொல்லிக்கிட்டு" என்றான். குரூப்பில் நீயே ஒரு பதிவு போடு என்றேன். "உங்க அம்மா நாற்காலிய ஒளிச்சு வச்சீங்கன்னு நான் எப்படிக்கா சொல்றது? நீங்களே போடுங்க" என்றான். நியாயம்தான். மைக் படத்தை அழுத்திப் பேசினேன், அழித்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சித்தப்பா இருக்கிறார் அந்தக் குரூப்பில். கோவில் ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் என் அம்மாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போகும்போது, எப்படிப்பட்ட பிள்ளை பாருங்கள் என்று சொல்கிறவர்கள் அவர்கள்.

அடுத்த வருஷம் கடை மூடியிருந்தது. ரவாங் பக்கம் போய்விட்டார் என்று டயர் கடைக்காரர் சொன்னார். அங்கேயும் இதே வேலையா என்று கேட்டேன், தெரியாது என்றார். கடை வாடகை ஏறிவிட்டதுதான் காரணம், நீங்கள் பேசியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தம்பி அடித்துச் சொல்கிறான். இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது இதை எழுதியாயிற்று. நாற்காலி, கறை, பொய், எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டேன். ஒரு முறை முழுக்கப் படித்தும் பார்த்தேன். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். இதில் ஓரிடத்திலும் எழுதவில்லை; பேஸ் என்பதும் நான் மாற்றிப் போட்டதுதான். கெட்டுப் போன பேரைச் சரிசெய்ய எழுதுகிறவள் அந்தப் பேரைத்தான் முதலில் எழுத வேண்டும். எழுதினால் அவர் யாரென்று கிள்ளானுக்குத் தெரியும். அவர் யாரென்று தெரிந்தால், நான் யாரென்றும் தெரிந்துவிடும்.